முதல் போதும்

எங்கள் வீட்டில் போதும் என்றால் போதும். அப்பாவும் அம்மாவும் நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்கள். சாப்பாட்டு மேசையில் "இன்னும் வேணுமா?" என்று ஒரு தடவை கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சட்டியை மூடி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். வீம்புக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு என் கண் முன்னாலேயே அடுப்படிக்குத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. வருத்தமாக இருக்குமே தவிர, அநியாயம் என்று தோன்றியதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தானே இருக்க முடியும் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

ஆகவே, வேலையில் சேர்ந்த புதிதில் முதலாளி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, என் இலையில் என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. "போதும்" என்றேன். ஒரு கரண்டி சோறு விழுந்தது. "போதும் அண்ணாச்சி" என்றேன். இன்னொரு கரண்டி விழுந்தது, அதன் மேல் தேங்காய்ப்பால் சொதி. கையைக் குறுக்கே நீட்டினேன். கைக்கு இந்தப் பக்கமாக ஒன்று விழுந்தது. பாவம், காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த முறை சத்தமாகவே சொன்னேன். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "டீச்சருக்கு நல்ல பசி போல, இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார்.

அந்த வீட்டு இலக்கணம் எனக்குப் பிடிபடுவதற்குச் சில விருந்துகளும் ஒரு பாட்டில் ஓமத்திரவமும் ஆயின. முதல் போதும் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது வெட்கத்துக்கு. மூன்றாவது வேண்டுமானால் வயிற்றிலிருந்து வருவதாக இருக்கலாம், அதுவும் சந்தேகம்தான். இலையை மடித்தால் மட்டும் நிறுத்துவார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷி வாயைத் திறந்து தமிழில் சொல்கிறாள், அதை விட்டுவிட்டு ஒரு வாழையிலை சொல்வதைத்தான் கேட்பார்களாம். இந்த இலக்கணம் ஒரு நாள் என் லேப் ரூமுக்குள்ளும் வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரக் குடும்பம். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்கள் முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடத்தில், இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி ஒன்றைக் கட்டியிருந்தார். தாய் இறால்களை வாங்கி வந்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்துப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். நான் அங்கே மைக்ரோபயாலஜிஸ்ட். அதற்கு முன் பல வருஷம் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்தவள் என்று தெரிந்ததும், "அப்ப டீச்சர்" என்று முடிவு செய்துவிட்டார். மைக்ரோபயாலஜிஸ்ட் என்று நானும் திருத்திப் பார்த்தேன். "அதத்தான் நானும் சொல்லுதேன் டீச்சர்" என்றார்.

எனக்கென்று ஒரு ரூம் கொடுத்தார்கள். ஏசி, எவர்சில்வர் மேசை, கடலைப் பார்த்த ஒரு ஜன்னல், நடுவில், பாக்டீரியா வளர்ப்பதற்கென்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஃபெர்மென்டர். முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். கல்லூரியில் நான் பாக்டீரியாவைச் சாக்பீஸால் மட்டுமே வளர்த்தவள். பலகையில் ஒரு கோடு போடுவேன்: முதலில் தயங்கும், பிறகு விறுவிறுவென்று ஏறும், பிறகு தட்டையாகும், பிறகு இறங்கும். அந்தக் கோட்டைக் கண்ணாடிக்குப் பின்னால், கலங்கலாக, உயிரோடு பார்க்க ஒரு இடம் கிடைத்தது எனக்கு அங்கேதான்.

நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் இரண்டு ஈடு குஞ்சுகள் செத்திருந்தன. ஈடு என்பது அண்ணாச்சியின் சொல், இட்லிக்கும் இறாலுக்கும் அவருக்கு அதுதான். விளக்கை அணைத்தால் தொட்டித் தண்ணீர் நீலமாக மின்னியதாம். அழகாக இருக்கிறதே என்று குடும்பத்தோடு வந்து பார்த்திருக்கிறார். மறுநாள் குஞ்சுகள் எல்லாம் தொட்டியின் அடியில் கிடந்தன. அது ஒரு வகை பாக்டீரியாவின் வேலை. ஒன்றிரண்டாக இருக்கும்வரை அது மின்னாது. ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அந்த ரசாயனமும் பெருகும். அது ஒரு அளவைத் தாண்டியதும், ஆள் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு எல்லாம் சேர்ந்து விளக்கைப் போடும். இதை விளக்கியபோது அண்ணாச்சி உடனே, "நம்ம வியாபாரிங்க சங்கக் கூட்டம் மாதிரில்லா இருக்கு. கோரம் சேந்தாத்தான் லைட்டப் போடுதாவ" என்றார். அவர் புரிந்துகொள்ளாத ஆள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்தைக் கொட்டி அதைக் கொல்வதைவிட, நல்ல பாக்டீரியாவை நிறைய வளர்த்துத் தொட்டிகளில் விட்டால், இடத்தையும் சாப்பாட்டையும் அது முந்திப் பிடித்துக்கொள்ளும் என்பது என் திட்டம். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். கூடவே, "இந்த ஈடும் தேறலன்னா லேப்ப மூடிருவோம் டீச்சர். ரூமு நல்லாக் குளுகுளுன்னு இருக்கு, கருப்பட்டி குடோனுக்கு ஆகும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அன்று சாயங்காலமே ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்கள் சில வந்து வராந்தாவின் கோடியில் உட்கார்ந்தன. சும்மா இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தானாம்.

அந்த ரூம் போனால் எனக்கு வேறு ரூம் கிடையாது. கல்லூரியில் என் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிற என் கணவர், "போனாப் போகுது, வீட்லயே டியூஷன் எடுக்கலாமே" என்று ஆறுதல் சொன்னார். கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை. தாய் இறால்கள் வந்து இறங்குவதற்குள் எனக்குக் குடுவை நிறைய கெட்டியான பாக்டீரியா வேண்டும். இல்லாவிட்டால் நான் டியூஷன் டீச்சர். அவ்வளவுதான் கணக்கு.

நான் வளர்த்தது தயிரைப் புளிக்க வைக்கிற சாதியைச் சேர்ந்த ஒன்று. சர்க்கரையைத் தின்னும், அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் கூடக்கூட அதற்கே ஒத்துக்கொள்ளாது. மெதுவாகத் தின்னும், மெதுவாகப் பெருகும், ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்ளும். யாரும் கட்டளை போடுவதில்லை. தான் வெளியே விட்டதே தன்னிடம் திரும்பி வந்து நிறுத்துகிறது. பலகையில் நான் போட்ட கோடு தட்டையாகிற இடம் அதுதான். எனக்கு அந்த உயிர்களைப் பிடித்துப் போனது. ஒரு தடவை சொல்லும், சொன்னதில் நிற்கும். எங்கள் நாசரேத் வீட்டுக்கு மருமகளாக வந்தால் ஒரு பிரச்சினையும் இருக்காது.

ஆனால் தொட்டிகளுக்கு வேண்டிய அளவு வளர்க்க வேண்டுமென்றால், அது சீக்கிரத்தில் நின்றுவிடக் கூடாது. அதற்குத்தான் ஃபெர்மென்டர். குடுவைக்குள் புளிப்பை அளக்கிற ஒரு கண்ணாடிக் குச்சி இறங்கியிருக்கும். புளிப்பு கொஞ்சம் ஏறினால் ஒரு பம்ப் ஓடி, பக்கத்துப் பாட்டிலிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். புளிப்பு சமனானதும் பம்ப் நின்றுவிடும். மேலே ஸ்டாண்டில், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல, சர்க்கரைப்பாகு பாட்டில் தொங்கும். அதன் குழாயில் ஒரு கிளிப். நான் திறந்து வைத்த அளவுக்கு மட்டும் பாகு இறங்கும். எவ்வளவு பாகுக்கு எவ்வளவு காஸ்டிக் என்று கணக்குப் போட்டுத்தான் இரண்டு பாட்டிலையும் நிரப்புவேன். பம்ப் ஈடுகொடுக்க முடியாமல் புளிப்பு அளவு மீறினாலோ, காஸ்டிக் தீர்ந்துபோனாலோ, மிஷின் அலாரம் அடிக்கும். அந்த அலாரம் விட்டு விட்டு, மூக்கால் சிணுங்குவது போல இருக்கும்.

யாராவது தெரியாமல் தொட்டுக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாதே என்று காஸ்டிக் பாட்டிலில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். காஸ்டிக் என்று எழுதியிருக்கலாம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை அல்லவா, பாடப்புத்தகத் தமிழ் முந்திக்கொண்டு வந்தது. அமிலம், காரம். சின்ன வகுப்புப் பாடம்தானே. "காரம். தொடாதீர்கள்" என்று எழுதி, எழுத்து நேராக விழுந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தும் கொண்டேன்.

அண்ணாச்சி தினமும் வந்து குடுவையைப் பார்த்துவிட்டுப் போவார். நான் பாகுக்கு வெள்ளைச் சீனி போடுவதைக் கண்டு ஒரு நாள் பதறிவிட்டார். "பிள்ளைங்களுக்குச் சீனியையா குடுக்குதிய?" என்று சொல்லி, தன் கையாலேயே சிப்பத்தைப் பிரித்துக் கருப்பட்டி எடுத்து வந்தார். வேண்டாம் என்று சொல்லி ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கருப்பட்டியைக் கரைத்து, வடிகட்டி, ஆட்டோகிளேவில் அவித்துக் கொடுத்துப் பார்த்தேன். பாக்டீரியா சீனியைவிட அதில் நன்றாக வளர்ந்தது. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து குடுவைக்குள் இருந்தவை அவருக்குப் பிள்ளைங்கதான்.

பெரிய அளவில் வளர்க்க ஆரம்பித்ததும் சனியன் பிடித்தது. காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கோடு விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருக்கும். தொட்டிகளில் தண்ணீர் சாம்பிள் எடுத்து, சாப்பிட்டுவிட்டு, மதியம் திரும்பி வந்து பார்த்தால், புளிப்பு தலைக்கு மேல் போயிருக்கும், வளர்ச்சி செத்துப் போயிருக்கும். காஸ்டிக் பாட்டில் என் கணக்குக்கு முன்னாலேயே காலி. எங்கேயோ கசிகிறது என்று குழாய்களை எல்லாம் மாற்றினேன். கண்ணாடிக் குச்சி பொய் சொல்கிறது என்று அதைக் கழற்றித் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அது பரம யோக்கியமாக இருந்தது. பாகு பாட்டிலும் சீக்கிரமாகக் குறைந்ததால் கிளிப் தளர்ந்துவிட்டது என்று புதிய கிளிப் வாங்கிப் போட்டேன். பிற்பாடு தெரிந்தது, புதிய கிளிப் திறப்பதற்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கிறது.

ஒவ்வொரு தோல்விக்கும் சிப்பங்கள் வராந்தாவில் கொஞ்சம் முன்னேறி வந்தன. பிறகு கதவுக்கு வெளியே அடுக்கினார்கள். பிறகு ஒரு நாள், "வெளிய வெயிலு டீச்சர், இளகிரும்" என்று இரண்டைக் கதவுக்கு உள்ளேயே வைத்துவிட்டுப் போனார்கள். கருப்பட்டி வந்தால் எறும்பு வராமல் இருக்குமா. நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த மேசையின் மேல் எறும்புகள் வரிசையாக, குடியேறப் போகிற வீட்டைப் பார்க்க வந்தவர்களைப் போல நடந்தன. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. எறும்பைத் திட்டினேன். என் படிப்பைத் திட்டிக்கொண்டேன். உள்ளுக்குள்ளே பயமாக இருந்தது. சாக்பீஸுக்குத்தான் லாயக்கு என்று நானே ஒத்துக்கொள்கிற நாள் வந்துவிடும் போலிருந்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் புன்னைக்காயல்காரர். முன்பு விசைப்படகு ஓட்டியவர், எதற்கும் அசையமாட்டார். அவரிடம் கேட்டேன்.

"நான் சாப்பிடப் போறப்ப யாராவது ரூமுக்குள்ள போறாங்களா?"

"யாரும் போவல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? ஒரு ஈ, காக்கா போவாது. மிஷின் அழுதுச்சின்னா அண்ணாச்சி போயி அமத்திட்டு வருவாவ. அம்புட்டுத்தான்."

அண்ணாச்சி 'யாராவது' என்பதில் சேரமாட்டார் என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

மறுநாள் சாப்பிடப் போகிற மாதிரி போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்தேன். மிஷின் சிணுங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. அண்ணாச்சி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று கிளிப்பை முழுசாகத் திறந்துவிட்டு, குடுவையைப் பார்த்து, "அழாதிங்க மக்கா, இந்தா வந்துட்டேம்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருப்பட்டிப்பாகு கொடகொடவென்று இறங்கியது. நிதானமாகக் கிளிப்பைப் பழையபடி வைத்தார். பிறகு மிஷினின் முதுகில் இருந்த பட்டனை, குழந்தைக்கு ஏப்பம் வர முதுகைத் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டுத் தட்டினார். அது அலாரத்தை நிறுத்துகிற பட்டன். சத்தம் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய?" என்றேன்.

"பிள்ளைங்களுக்குக் காரம் ஒறச்சிட்டு டீச்சர். அதான் அழுவுதுவ. இனிப்பு குடுத்தா அடங்கிரும்."

"என்ன காரம்?"

"நீங்கதான எழுதி ஒட்டிருக்கிய." சீட்டைக் காட்டினார். "சொட்டுச் சொட்டா ஊத்துதே மிஷினு. பச்சப் பிள்ளைங்க எப்படித் தாங்கும்? கேக்கணும்னுதான் இருந்தேன். படிச்சவிய ஏதோ கணக்குல செய்யுதாவன்னு பேசாம இருந்துட்டேன்."

நான் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் ஓடியது. மிஷின் அழுகிறது. அண்ணாச்சி இனிப்பு கொடுக்கிறார். இனிப்பைத் தின்று பாக்டீரியா இன்னும் அமிலத்தை விடுகிறது. அதைச் சமாளிக்கப் பம்ப் இன்னும் காஸ்டிக்கை இறைத்து, பாட்டிலைக் காலி செய்கிறது. அதற்கப்புறம் தடுக்க ஆளில்லாமல் புளிப்பு ஏறுகிறது. மிஷின் மறுபடி அழுகிறது. அண்ணாச்சி மறுபடி வருகிறார். நான் மாட்டியிருந்தது ஒரு கடிவாளம். அதை அவர் பாசத்தாலேயே சாட்டையாக மாற்றிவிட்டார்.

"காரம்னா மொளகா இல்ல அண்ணாச்சி. அது காஸ்டிக் சோடா."

அவர் சீட்டை மறுபடி படித்தார். "காஸ்டிக்னு எழுத வேண்டியதுதான டீச்சர். தமிழ்ல எழுதுனா நாங்க என்னத்தக் கண்டோம்" என்றார். அப்பா உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால், வருத்தத்தில் மூன்று நாள் சாப்பிட்டிருக்கமாட்டார்.

சீட்டைக் கிழித்துவிட்டு உட்கார வைத்து விளக்கினேன். "புளிப்புதான் அதுங்க சொல்லுத போதும், அண்ணாச்சி. வயிறு நெறஞ்சிட்டு, இதுக்கு மேல முடியாதுன்னு தண்ணிக்குள்ளயே சொல்லிருதுங்க. நாம காஸ்டிக்க விட்டு அளவா கொஞ்சம் இடம் பண்ணிக் குடுக்கோம். அதுக்கும் மேல ஊட்டுனா, தான் விட்ட புளிப்புக்குள்ள தானே முங்கிரும்."

அண்ணாச்சி குடுவையைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"எத்தனாவது போதும் டீச்சர் அது?"

"மொதப் போதும்."

"மொதப் போதும்லயே நிறுத்துனா அது மனுசத்தனமா? வந்த ஆளு என்ன நெனைக்கும்?"

"அதுங்க விருந்தாளி இல்ல அண்ணாச்சி."

"நம்ம ரூம்லதான இருக்குவ."

"அதுங்களுக்கு மொதப் போதும்தான் கடைசிப் போதும். எங்க வீட்லயும் அப்படித்தான்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஒங்க வீட்லயா?" என்றார். குரல் தழுதழுத்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் அக்காவிடமிருந்து எனக்கு அடுக்குத் தூக்கில் சாப்பாடு வந்தது. சின்ன வயசிலிருந்தே பட்டினி கிடந்த பிள்ளை என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன். புரியத்தான் செய்தது. ஆனால் அடுத்த நாளே மிஷின் சிணுங்கியபோது நான் ஓடி வந்து பார்த்தால், அண்ணாச்சியின் கை கிளிப்பின் மேல் இருந்தது. "கொஞ்சமாத்தான் டீச்சர், ஒரு வாயி" என்றார். தெரிந்து செய்யவில்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் கால் தானாக நடக்கிறது, கை தானாகக் கொடுக்கிறது. நான் கத்திவிட்டேன். முதலாளியிடம் கத்தினேன் என்பது கத்திய பிறகுதான் உறைத்தது. தாய் இறால்களுக்குச் சொல்லியாகிவிட்டது, இந்த முறையும் குடுவை செத்தால் இந்த ரூமில் எறும்பும் கருப்பட்டியும்தான் இருக்கும், எனக்குப் போக இடம் கிடையாது என்றெல்லாம் கொட்டினேன்.

"எனக்கும் இது தேறணும்னுதான் ஆசை டீச்சர். ரெண்டு ஈடு போயாச்சு" என்றார். "ஆனா வாயால சொல்லுத போதும் எனக்குக் காதுல ஏறாது. பழகிட்டு. இலைய மடிச்சா நிறுத்திருவேன். இந்த மிஷினுக்கு இலை எங்க இருக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பாக்டீரியா சரியாகத்தான் சொல்கிறது, குச்சி சரியாகத்தான் கேட்கிறது, மிஷின் சரியாகத்தான் கத்துகிறது. கேட்கிற மனுஷன் என்ன செய்வான் என்பதை மட்டும் மிஷின் செய்தவன் யோசிக்கவில்லை. அழுகிற சத்தத்தை வைத்துவிட்டு ஊட்டாதே என்றால் இந்த ஊரில் யார் கேட்பார்கள்?

வீட்டுக்குப் போகிற வழியில் துறைமுகச் சாலையில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி யார்டுக்குள் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் ஹாரன் ஏதோ ஒரு மெட்டைப் பாடியது. சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும், யாரும் திரும்பிப் பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல், கிளாஸோடு அப்படியே பின்னால் நகர்ந்தது. ஒருவர் போனில் பேசிக்கொண்டே நகர்ந்தார். தூத்துக்குடியில் நடக்கப் பழகிய எந்தக் காலும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் போகாது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, பக்கத்தில் இருந்த லாரி ஷெட்டுக்குப் போய் ஒரு ரிவர்ஸ் ஹாரன் வேண்டும் என்றேன். எந்த லாரிக்கு என்று கேட்டார் எலக்ட்ரீஷியன். தயிருக்கு என்றேன். வெயில் அதிகம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

நானும் புன்னைக்காயல்காரரும் அலாரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹாரனை மாட்டினோம். மறுநாள் மதியம் காஸ்டிக் பாட்டிலை வேண்டுமென்றே மூடி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். புளிப்பு ஏறியது. ரூம் அதிர ஹாரன் பாடியது. அண்ணாச்சி வந்தார். பழக்கதோஷத்தில் கை கிளிப்பை நோக்கிப் போனது. அதே நேரத்தில் கால் பின்னால் போனது. கை முன்னாலும் கால் பின்னாலுமாக ஒரு கணம் நின்றார். பிறகு காலே ஜெயித்தது. கதவு வரைக்கும் பின்னால் நடந்து, லாரி எங்கே என்று திரும்பிப் பார்த்தார். லாரி இல்லை. குடுவையைப் பார்த்தார். ஜன்னலில் என்னைப் பார்த்தார்.

"இலைய மடிச்சிட்டு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கிளிப்பை என்னைத் தவிர யாரும் தொடவில்லை. ஹாரன் பாடினால் புன்னைக்காயல்காரரே எனக்குக் குரல் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். ஒரே ஒரு சங்கடம். தாய் இறால்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரி வளாகத்துக்குள் ரிவர்ஸ் எடுத்தபோது, அதை வரவேற்க நின்ற எல்லோரும், குடுவைதான் பாடுகிறது என்று நினைத்து, அதை விட்டுவிட்டு என் ரூமுக்கு ஓடினார்கள். டிரைவர் தனியாக நின்றார்.

அதற்குள் குடுவை தெளிவு மாறி, மோர் போலாகி, பிறகு கெட்டியான மாவு போல ஆகியிருந்தது. கதவைத் திறந்தால் லேசான புளித்த வாசம். கோடு நான் பலகையில் போட்டதைவிட உயரமாகப் போனது. தொட்டிகளில் விட்டோம். முட்டைகள் பொரிந்தன. தொட்டி அறையின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, விளக்கை அணைத்து, நானும் அண்ணாச்சியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்போம். கறுப்பாகத்தான் இருந்தது. கறுப்புத் தண்ணீரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் எங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். குஞ்சுகள் தாக்குப்பிடித்தன. வளர்ந்தன. பண்ணைக்காரர்கள் வந்து, பார்த்து, எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சி மட்டும் லேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிப்பங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. தேறினால் என்ன என்று அவர் எப்போதுமே சொன்னதில்லை, தேறாவிட்டால் என்ன என்பதைத்தான் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்கவும் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்து வைத்து அனுப்பி வைப்பதும் இந்த ஊரில் உண்டு. அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

அக்கா ஒரு ஊருக்குச் சமைத்திருந்தார். அண்ணாச்சியே பரிமாறினார். இப்போது நான் பழைய ஆள் இல்லை, அந்த வீட்டு இலக்கணம் எனக்கு அத்துப்படி. சோற்றுக்கு இலையில் கை வைத்து மறைத்தேன், சொதிக்கு இலையின் மேல் குனிந்தேன், எல்லாம் முறைப்படி செய்து வயிற்றில் கொஞ்சம் இடம் மிச்சம் பிடித்து வைத்தேன். காரணம், கடைசியில் கருப்பட்டிப் பாயசம் வருகிறது என்று வாசம் சொல்லிவிட்டது. அக்காவின் பாயசத்துக்கு ஈடு கிடையாது. அப்பளத்தை நொறுக்கி இலையில் தயாராக வைத்துக்கொண்டேன்.

ஒரு கரண்டி விழுந்தது. மரியாதைக்கு, "போதும் அண்ணாச்சி" என்றேன். இரண்டாவது கரண்டிக்காக இலையைக் கொஞ்சம் சரி செய்தேன்.

கரண்டி வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி கரண்டியை வாளிக்குள் வைத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய் நின்றிருந்தார்.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. டீச்சரு வெக்கப்படுதாவ" என்றார் அக்கா.

"ஏளா, நீ சும்மா இரு. அவிய மொதப் போதும்லயே நிறுத்துத ஆளு. அதக் கேட்டு நடந்ததாலதான் இந்த ஈடு தேறிச்சு." பிறகு என்னிடம், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சிப்பத்த எல்லாம் காலைலயே உடன்குடிக்குத் திருப்பி அனுப்பிட்டேன் டீச்சர். அது லேப்பாவே இருக்கட்டும். இன்னொரு மிஷினும் பாருங்க."

சரி அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன ஒரு சொல்லை, சொன்ன மாதிரியே, முதல் தடவையிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். எத்தனை நாள் ஆசைப்பட்டது அது. சந்தோஷத்தில் கண் கலங்கியது உண்மை.

கலங்கிய கண்ணோடு, பாயச வாளி அடுப்படிக்குத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு கரண்டிக்கு வயிற்றில் இடம் இருந்தது. கேட்க முடியாது. கேட்டால் பாக்டீரியா சொன்னதையும் அவர் நம்பமாட்டார். ஒரு துண்டு அப்பளத்தால் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்தேன்.